மைக்கை நீட்டினால் என்ன சொல்வது? வணிகர்களுக்கும் வேண்டும் பேட்டிப் பயிற்சி



சரக்கை நிறுத்துக் கொடுப்பதில் நம்மவர்களுக்கு இணை யாரும் இல்லை. நூறு கிராம் சீரகமானாலும் நூறு மூட்டைப் பருப்பானாலும் தராசு சரியாக நிற்கும் வரை கையை எடுக்க மாட்டோம். ஆனால் ஒரு நிருபர் கடை வாசலுக்கு வந்து மைக்கை நீட்டிவிட்டால் அந்த நிறுவை எல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறோம். இல்லையென்றால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். இரண்டுமே நஷ்டக் கணக்குதான்.

பெரிய கம்பெனிகளில் தலைவர்களுக்கும் நிர்வாக இயக்குநர்களுக்கும் பேட்டிப் பயிற்சி என்றே ஒன்று உண்டு. கேமரா முன் உட்கார வைத்து, பத்திரிகைத் தொழிலில் இருந்தவரையே கேள்வி கேட்க வைத்து, பிறகு பதிவைப் போட்டுக் காட்டித் திருத்துவார்கள். அதற்குப் பெரிய தொகை கொடுத்து ஆள் வைத்துக்கொள்கிறார்கள். மளிகைக் கடைக்கும் மண்டிக்கும் அது எதற்கு என்று சிலர் கேட்கலாம். விலைவாசி ஏறியதும் மைக் முதலில் யாரிடம் வருகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். துவரை விளையும் ஊர் தொலைவில் இருக்கிறது. இறக்குமதி செய்பவர் துறைமுக நகரத்து அலுவலகத்தில் இருக்கிறார். தெருவைப் பார்த்துக் கடை திறந்து வைத்திருப்பவர்கள் நாம்தான். ஆகவே கேள்வியும் நமக்குத்தான், கோபமும் நமக்குத்தான்.

சாமர்த்தியமாகப் பேசித் தப்பிக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுப்பது நம் நோக்கம் அல்ல. அப்படி ஒரு வித்தை இருந்தாலும் அது அதிக நாள் செல்லாது. உலகறிந்த நான்கு சம்பவங்களை எடுத்துக்கொண்டு, பேச்சினால் ஒரு வியாபாரம் எப்படிக் கெடுகிறது, எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்போம். பிறகு நம் சங்கத்து அளவில் செய்யக்கூடியதைச் சொல்வோம்.

ஒரு கேலிப் பேச்சின் விலை

பிரிட்டனில் ஜெரால்டு ராட்னர் என்று ஒரு நகை வியாபாரி. குடும்பத் தொழிலாக வந்த கடையை 1980களில் நூற்றுக்கணக்கான கிளைகளாக வளர்த்தவர். விலை உயர்ந்த நகை வாங்க முடியாத சாமானிய மக்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். 1991 ஏப்ரல் 23ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கம்பெனி இயக்குநர்கள் கூடிய பெரிய கூட்டத்தில் அவரைப் பேச அழைத்தார்கள். ஒரு மதுக்குடுவையும் ஆறு கண்ணாடிக் கோப்பையும் வெள்ளி முலாம் பூசிய தட்டும் சேர்த்து 4.95 பவுனுக்குத் தன் கடையில் கிடைக்கிறது, இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்க முடிகிறது என்று கேட்கிறார்கள், அது வெறும் குப்பை என்பதால்தான் என்று அவர் பேசினார். கடையில் விற்கும் ஒரு வகைக் காதணி, ஒரு சாண்ட்விச்சை விட மலிவு என்றும், சாண்ட்விச் அதைவிட அதிக நாள் தாங்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. மறுநாள் பத்திரிகைகள் அதைத் தலைப்பில் போட்டன. அந்தப் பேச்சினால் கம்பெனியின் பங்கு மதிப்பில் சுமார் 50 கோடி பவுன் கரைந்தது என்பார்கள். 1992 நவம்பரில் ராட்னர் தன் கம்பெனியை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. 1993இல் கம்பெனி தன் பெயரையே மாற்றிக்கொண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் நாள் விற்ற சரக்குதான் மறுநாளும் அலமாரியில் இருந்தது. தரம் மாறவில்லை, விலையும் மாறவில்லை. ஆனால் அந்தத் தட்டைக் கல்யாணத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவரும், அந்தக் காதணியை மனைவிக்கு வாங்கித் தந்தவரும் தலைகுனிந்து போனார்கள். கடைக்காரர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று தெரிந்த பிறகு யார் அந்தப் படி ஏறுவார்கள்? நம்மிடமும் இந்தப் பழக்கம் சிறிய அளவில் உண்டு. "இந்த விலைக்கு இந்தத் தரம்தான் வரும்" என்று நான்கு பேர் நடுவில் அலட்சியமாகச் சொல்கிறோம். நமக்குள் பேசுவதாக நினைத்தாலும், கைப்பேசி வந்த பிறகு சபை, தனி அறை என்ற பேதம் இல்லை. தன் சரக்கையும் தன் வாடிக்கையாளரையும் இளக்காரமாகப் பேசுவதை எந்த இடத்திலும் விட்டுவிட வேண்டும்.

பழியைத் தள்ளிவிட்டால் தீருமா?

ராட்னர் தன் வாயால் கெட்டார். அடுத்த சம்பவம் நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது.

2003 அக்டோபரில், தீபாவளி நெருங்கிய சமயத்தில், மும்பையில் விற்ற காட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருப்பதாகப் புகார் வந்தது. மகாராஷ்டிர மாநில உணவு மருந்து நிர்வாகத்துறை சரக்கைப் பறிமுதல் செய்தது. தொழிற்சாலையில் புழு வர வாய்ப்பில்லை, சில்லறைக் கடைகளில் சரியாக வைக்காததால் வந்திருக்கலாம் என்று கம்பெனி தரப்பில் விளக்கம் சொன்னார்கள். அப்படியானால் காற்றுப் புகாதபடி பொட்டலம் கட்டுவது யார் பொறுப்பு என்று அதிகாரிகள் திருப்பிக் கேட்டார்கள். செய்தி நாள்தோறும் வளர்ந்தது. பண்டிகை காலத்தில் ஏற வேண்டிய விற்பனை சுமார் 30 சதவீதம் விழுந்தது.

அந்த விளக்கத்தில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. வெயில் படும் இடத்தில் சாக்லேட் அட்டியை அடுக்குவதும், அரிசி மூட்டைக்கு அருகில் வைப்பதும் நடக்காத காரியம் அல்ல. ஆனால் பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்த தாய்க்கு வேண்டியது, புழு யாருடையது என்ற வழக்கு அல்ல. இனி வராது என்ற உறுதிதான் அவருக்கு வேண்டும். கம்பெனியும் பிறகு அந்த வழிக்கே வந்தது. "விஸ்வாஸ்" என்ற பெயரில் ஒரு திட்டம் போட்டு, சுமார் 1,90,000 சில்லறைக் கடைக்காரர்களிடம் சரக்கை வைத்துக் காக்கும் முறையை எடுத்துச் சொன்னார்கள். 2004 ஜனவரியில் உறையை மாற்றினார்கள். செலவு கூடினாலும் உள் உறையை இறுக்கமாக மூடும் முறை வந்தது. நடிகர் அமிதாப் பச்சனை வைத்து விளம்பரமும் செய்தார்கள். விற்பனை மீண்டும் எழுந்தது.

முதல் நாளில் விரலை நீட்டியது, பிறகு கையைக் கொடுத்தது ஆகிய இரண்டின் பலனையும் ஒரே கம்பெனியின் கணக்கில் பார்க்க முடிகிறது. நமக்கும் இது பொருந்தும். சில்லறைக் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கை காட்டுவதும், மொத்த வியாபாரி மில்காரரைக் கை காட்டுவதும் நிருபருக்கு நல்ல செய்தி. நமக்கு அது வீட்டுச் சண்டையைத் தெருவில் போடுவது போல. பில்லைக் காட்டிச் சட்டப்படி பொறுப்பைப் பிரித்துக்கொள்ள அதிகாரி முன் வழி இருக்கிறது. அதைக் கேமரா முன் செய்யக் கூடாது.

மௌனமும் ஒரு பதில்தான்

வாயைத் திறந்தால்தானே வம்பு, பேசாமலே இருந்துவிடலாம் என்று தோன்றும். 2015ஆம் ஆண்டு மேகி நூடுல்ஸ் விவகாரம் அதற்குப் பதில் சொல்கிறது. உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரியில் ஈயம் அதிகம் என்ற செய்தி அந்த ஆண்டு மே மாதத்தில் நாடெங்கும் பரவியது. தமிழ்நாடு அரசு ஜூன் 4ஆம் தேதி மூன்று மாதத் தடை விதித்தது. ஜூன் 5ஆம் தேதி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் நிறுத்தச் சொன்னது. அன்றைக்குத்தான் நெஸ்லே கம்பெனியின் உலகத் தலைவர் டெல்லியில் நிருபர்களைச் சந்தித்து, சரக்கு பாதுகாப்பானதே, ஆனாலும் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவித்தார். இடைப்பட்ட வாரங்களில் மக்கள் அதிகம் கேட்டது மற்றவர்கள் பேசியதைத்தான்.

ஆகஸ்ட் 13ஆம் தேதி மும்பை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மறுபரிசோதனைக்குப் பின் நவம்பரில் சரக்கு கடைக்கு வந்தது. ஆனால் அதற்குள் ஐந்து மாதம் அலமாரி காலி. திரும்பப் பெற்று அழித்த சரக்கு சுமார் 30,000 டன். நீதிமன்றத்தில் கிடைக்கும் தீர்ப்பு வேறு, சந்தையில் கிடைக்கும் தீர்ப்பு வேறு. சந்தை வாய்தா கொடுக்காது. முதல் இரண்டு நாளில் நம் தரப்பு என்ன என்று ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நமக்காக வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

செய்துவிட்டுப் பேசியவர்

நல்ல உதாரணத்துக்கு அமெரிக்கா போக வேண்டியிருக்கிறது. 1982 செப்டம்பர் இறுதியில் சிகாகோ பகுதியில் டைலினால் என்ற வலி மாத்திரையைச் சாப்பிட்ட ஏழு பேர் இறந்துபோனார்கள். யாரோ ஒரு பாவி கடை அலமாரியில் இருந்த புட்டிகளில் சயனைடு கலந்த மாத்திரைகளைப் போட்டு வைத்திருந்தான். தயாரித்த ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியின் மீது தவறு இல்லை. ஆனாலும் அதன் தலைவர் ஜேம்ஸ் பர்க், கடைகளைக் கை காட்டிவிட்டு ஒதுங்கவில்லை. நாடெங்கும் இருந்த சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். 10 கோடி டாலருக்கு மேல் செலவு. அவர் தொலைக்காட்சிக்காரர்களை ஒதுக்காமல், நிகழ்ச்சிகளில் தாமே வந்து பதில் சொன்னார். பிரித்தால் தெரிந்துவிடும்படி முத்திரையிட்ட புட்டியில் மருந்து மறுபடி கடைக்கு வந்தது. சந்தையில் 35 சதவீதத்தில் இருந்து 8 சதவீதத்துக்கு விழுந்த பங்கு, பிறகு பெருமளவு மீண்டது.

பர்க் பேச்சில் வல்லவர் என்பதால் மட்டும் இது நடக்கவில்லை. சொல்வதற்கு அவரிடம் ஒரு செயல் இருந்தது. "திரும்பப் பெற்றுவிட்டோம்" என்பவருக்குப் பயிற்சி அதிகம் தேவையில்லை. "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பவருக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் போதாது. பேட்டிப் பயிற்சியின் முதல் பாடம் நாக்குக்கு அல்ல, கடைக்குத்தான்.

"பதுக்கல்" என்ற சொல்

இனி நம் ஊர்க் கேள்விக்கு வருவோம். பருப்பு விலை ஏறிய அன்று நடப்பது இது.

"என்ன அண்ணாச்சி, விலை இப்படி ஏறுதே?"

"என்ன தம்பி செய்யறது, இன்னும் ஏறும்."

இவ்வளவுதான் பேச்சு. மாலைச் செய்தியில் "விலை மேலும் உயரும்: வியாபாரிகள் தகவல்" என்று வரும். இரண்டு கிலோ வாங்குபவர் ஐந்து கிலோ வாங்குவார். தட்டுப்பாடு இல்லாத இடத்தில் தட்டுப்பாடு வரும். மறுநாள் கிடங்குக்கு அதிகாரி வருவார். ஆரூடம் சொல்வது நம் வேலை இல்லை. நாளைய விலையைப் பற்றி எந்த நிருபரிடமும் பேசக் கூடாது. இன்றைய விலைக்கு உள்ள காரணத்தைச் சொன்னால் போதும்.

அடுத்த கேள்வி, "பதுக்கி வைத்திருக்கிறீர்களா?" என்பது. இதற்கு "நாங்கள் பதுக்கவில்லை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அந்தப் பதிலில் அந்தச் சொல் நம் வாயிலிருந்தே வந்துவிடுகிறது. தலைப்பிலும் அதுதான் நிற்கும். அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் 1973 நவம்பரில் பத்திரிகை ஆசிரியர்கள் கூட்டத்தில் தாம் மோசடிக்காரர் அல்ல என்று சொன்னார். அந்தப் பெயரோடுதான் உலகம் அவரை இன்றும் நினைக்கிறது. குற்றச்சாட்டின் சொல்லை நாம் திருப்பிச் சொல்லாமல், நம் கணக்கைச் சொல்ல வேண்டும். "எங்கள் இருப்பு இத்தனை டன். அனுமதித்த அளவு இத்தனை. பதிவேடு இதோ இருக்கிறது, அதிகாரி எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று சொன்னால், அதற்கு மேல் கேட்க அதிகம் இருக்காது.

இப்படிச் சொல்ல எண்கள் கையில் இருக்க வேண்டும். 2023 ஜூன் 2ஆம் தேதி துவரை, உளுந்து இரண்டுக்கும் இருப்பு உச்சவரம்பு கொண்டு வந்தார்கள். மொத்த வியாபாரிக்கு ஒவ்வொரு பருப்பிலும் 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். அதே ஆண்டு செப்டம்பரில் மொத்த வியாபாரிக்கு 50 டன்னாகக் குறைத்தார்கள். நவம்பரில் மறுபடி 200 டன் ஆக்கினார்கள். ஒரே ஆண்டில் மூன்று கணக்கு. ஜூனில் சரியாக இருந்த பதில் அக்டோபரில் தவறாகியிருக்கும். ஆகவே பேசுவதற்கு முன் அமலில் உள்ள அளவைச் சங்க அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம்.

விலைக் காரணமும் அப்படித்தான். கர்நாடகத்தின் கலபுரகி, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கம் துவரை அறுவடை குறைந்தால் இங்கே விலை ஏறுகிறது. மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வரும் சரக்கு தாமதமானாலும் ஏறுகிறது. நூறு கிலோ முழுத் துவரையை உடைத்தால் கிடைக்கும் பருப்பு 70 முதல் 75 கிலோதான். இதற்கு மேல் மில் கூலி, லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி. நமக்குச் சாதாரணமாகத் தெரிந்த இந்த விஷயம் வாங்குபவருக்குத் தெரியாது. பொறுமையாக நான்கு வாக்கியத்தில் சொன்னால் கோபம் பாதி தணியும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. நிருபர் வந்ததும் அவர் பெயர், பத்திரிகை அல்லது தொலைக்காட்சி, எதைப் பற்றிய செய்தி, எத்தனை மணிக்குள் வேண்டும் என்ற நான்கையும் மரியாதையாகக் கேட்க வேண்டும். "அரை மணி நேரத்தில் பேசுகிறேன் தம்பி" என்று சொல்வதில் தப்பில்லை. சொன்னபடி பேச வேண்டும்.

2. முக்கியமான விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். பத்து நிமிடம் பேசினாலும் ஒளிபரப்பாவது பத்துப் பதினைந்து விநாடிதான். கடைசியில் சொல்ல வைத்திருந்தது வெட்டுப்பட்டுப் போகும்.

3. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். விசாரித்துச் சொல்கிறேன் என்பது கௌரவக் குறைவு அல்ல. ஊகம் சொல்வதுதான் குறைவு.

4. "இது பத்திரிகைக்கு அல்ல, நமக்குள்" என்று ஆரம்பிக்கவே கூடாது. அச்சில் வரக் கூடாததை நிருபரிடம் சொல்லக் கூடாது.

5. கேள்வி முடிந்து நிருபர் சும்மா நின்றால், அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது நம் பொறுப்பல்ல. பதில் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வேண்டாத பேச்செல்லாம் அந்த இடைவெளியில்தான் வருகிறது.

6. யாருக்காவது கெடுதல் நேர்ந்திருந்தால் முதல் வார்த்தை அவருக்கானதாக இருக்க வேண்டும். நம் நஷ்டத்தைப் பற்றிய பேச்சு அன்று வேண்டாம்.

7. உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுத்த நாளில் பதற்றம் கூடாது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதிரியை நான்கு பாகமாகப் பிரிக்கிறார்கள். நாம் கேட்டுக்கொண்டால் ஒரு பாகம் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்குப் போகும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. "மாதிரி எடுத்திருக்கிறார்கள், ஒத்துழைத்திருக்கிறோம், அறிக்கை வரும் வரை அந்தச் சரக்கை விற்பனையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறோம்" என்று சொல்லலாம். அப்படி எடுத்து வைத்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

8. கல்லாவில் இருக்கும் பையன்களுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். முதலாளி இல்லாத நேரத்தில் மைக் அவர்களிடம்தான் போகும். "அண்ணாச்சி வந்ததும் பேசுவார், நம்பர் கொடுங்கள்" என்ற ஒரே பதில் போதும்.

9. தவறாகப் போட்டுவிட்டால் சண்டைக்குப் போக வேண்டாம். அன்றைக்கே ஆசிரியருக்குச் சான்றோடு சுருக்கமாகக் கடிதம் எழுத வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

இதற்கு வெளியிலிருந்து ஆள் வரவழைக்கத் தேவையில்லை. சங்கக் கட்டடத்தில் ஒரு ஞாயிறு மாலை பத்துப் பேர் உட்காரலாம். துணிச்சலாகக் கேட்கக்கூடிய ஒருவர் நிருபராக இருக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். எடையில் குறை, காலாவதியான சரக்கு, பில் போடாத விற்பனை, விலை உயர்வு, கடையடைப்பு என்று மனதுக்குப் பிடிக்காத கேள்வியாக ஐந்து கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பதில் சொல்ல வேண்டும். பிறகு படத்தைப் போட்டுப் பார்த்தால் குறை தானே தெரியும். எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் கல்லாவைப் பார்த்துப் பேசுவது, கேள்வி முடியும் முன் கோபப்படுவது எல்லாம் அதில் வரும்.

அந்தப் பயிற்சியில் இன்னொரு பலனும் உண்டு. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நாக்குத் தடுமாறுகிறதோ, கடையில் சரி செய்ய வேண்டிய இடம் அதுதான். எடைக் கேள்விக்குத் தடுமாறினால் தராசுக்கு முத்திரை போட்டாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். காலாவதிக் கேள்விக்குத் தடுமாறினால் பின் அலமாரியை ஒழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் பதிலை மட்டும் மெருகேற்றினால் அது கலப்படச் சரக்குக்கு நல்ல பொட்டலம் கட்டுவது போலத்தான்.

எல்லா வணிகர்களுக்கும் பொதுவான பிரச்சினை என்றால் சங்கத்தின் சார்பில் ஒருவரே பேச வேண்டும். தலைவர், செயலாளர், அவர்கள் இல்லாதபோது யார் என்று மூன்று பெயரை இப்போதே முடிவு செய்து, நிர்வாகக் குழுவில் தீர்மானமாகப் போட்டு வைப்பது நல்லது. ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னால் யார் கணக்கையும் ஜனங்கள் நம்ப மாட்டார்கள்.

நிருபர் நமக்கு விரோதி அல்ல. அவரும் மாலைக்குள் சரக்குக் கொடுக்க வேண்டிய தொழிலாளிதான். நல்ல சரக்கு நம்மிடம் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு போவார். கிடைக்காவிட்டால் வேறு கடைக்குப் போவார். பில் போட்டுக் கொடுத்த சரக்குக்கு நாம் எப்படிப் பொறுப்போ, அப்படியே மைக்கில் சொன்ன சொல்லுக்கும் பொறுப்பு. எழுதுமுன் பேரேட்டைச் சரிபார்க்கும் பழக்கம் நமக்குப் பரம்பரையாக இருக்கிறது. பேசுமுன்னும் அதையே செய்வோம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இந்த ஞாயிறுப் பயிற்சிக்கு ஒரு தேதி குறிக்குமாறு நிர்வாகிகளையும் உறுப்பினர்களையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.